தள்ளுபடி இல்லாத பன்னிரண்டு

நம் பெரியவனின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

பள்ளியிறுதித் தேர்வு முடிவு வந்துவிட்டது. யாரும் சொல்லித்தராமல் நானே படித்து எழுதிய தேர்வு. பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் சேர, மூன்று பாடத்திலும் சேர்த்துப் பன்னிரண்டு தரப்புள்ளி வேண்டும். எனக்குக் கணக்கில் ஐந்து, வரலாற்றில் நான்கு, மொழிப்பாடத்தில் மூன்று. நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் மேசைமேல் எங்கள் மேஸ்திரி சாக்கட்டியால் கூட்டினான்.

"பெரியவரே, பதினாலு! வயசானவங்களுக்கு ரெண்டு சலுகை இருக்கு."

"அந்த ரெண்டை அழி."

"அழிச்சா பன்னெண்டுதான். விளிம்புல நிக்குமே!"

"நிக்கட்டும். பழைய துணிக்குத்தான்யா தள்ளுபடி."

வீம்பு என்பாய். சலுகை வேண்டாம் என்றே எழுதிக் கொடுத்தேன். இன்று இடம் கிடைத்துவிட்டது!

அலமாரியில் என் மூக்குக்கண்ணாடியின் பழைய கூடு இருக்கும், அனுப்பு. அதற்குள் உன் கையால் நாலு வரி எழுதி வை. போனில் உன் குரல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

"இந்த மண்டையில் படிப்பு ஏறாது" என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்னாரே உன் அண்ணன், அவரிடம் பன்னிரண்டு என்று சொல். பாசத்தில் பதினாலு என்று சொல்லிவிடாதே.

வேலைக்கு மணி அடிக்கிறார்கள்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக மாணவன்