தையல்கார அத்தையின் பல் செட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் ஏதாவது ஜோக்கடித்து என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார்.

போன வாரம் பல் செட் செய்கிற எங்கள் லேப்பில், சாப்பாட்டு நேரத்தில் டாக்டரம்மா உன் காமெடி வீடியோவை நீட்டி, உங்க பொண்ணு எங்கயோ போயிட்டா, பத்து லட்சம் பேர் பாத்திருக்காங்க என்றார். மெழுகு ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்தேன். நீ உதட்டை உள்ளே மடித்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பல்லில்லாத ஒரு பெண் கடையில் ஊசி நூல் கேட்பது போலப் பேசினாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொத்திய கையில் சுண்டுவிரல் மட்டும் மூக்கோரம் தனியாக நின்றதைப் பார்த்த பிறகுதான் அது யாரென்று தெரிந்தது. நம் தையல்கார அத்தை. ஈறு கெட்டு மேல்வரிசை முழுவதும் எடுத்த பிறகு, புண் ஆறி நான் செட் செய்து கொடுக்கும் வரைக்கும் அவள் வெளியே யாரிடமும் வாய் திறக்கவில்லை, நம் சமையலறையில் மட்டும்தான் பேசினாள். நீ லீவில் வந்திருந்தபோது எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்டாயே, அதைத்தான் மேடையில் கொண்டுபோய் விற்றிருக்கிறாய். அந்த வீடியோவில் நீ போட்டிருந்த கோட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். உன்மேலும் அருவருப்பு, சிரித்த என் வாய்மேலும் அருவருப்பு. சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அன்றைக்கே உன் பழைய மேடை ஜோடிக்கு, நீ சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தாயே அந்தப் பெண்ணுக்கு, போன் செய்தேன். உங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டே, ஒருத்தி புதிதாக எழுதியதைச் சொல்லும்போது மற்றவள் சுவரைப் பார்த்து நின்றுதான் கேட்க வேண்டும், முகச்சேட்டைக்குச் சிரிக்கக் கூடாது, பேச்சுக்குச் சிரிப்பு வந்தால்தான் திரும்ப வேண்டும் என்று. அத்தை மாதிரி பேசுகிற இந்த ஜோக்கை நீ சொன்னபோது அவள் திரும்பவே இல்லையாம். இதுல ஜோக்கு எங்கடி இருக்கு, அந்தம்மா முன்னாடி நின்னு இதைச் சொல்லுவியா என்று கேட்டாளாம். பொறாமை பிடித்தவள் என்று சொல்லி அவளைக் கழற்றிவிட்டாய். அந்தப் புத்தியை உனக்கு ஓதியது நான்தான், அதையும் மறைக்கவில்லை. எப்போது பார்த்தாலும் குறை சொல்கிறவள் உனக்கு எதற்கு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அவள் பத்துத் தடவை மாற்றி எழுத வைத்ததால்தான் நீ முன்னுக்கு வந்தாய். இன்றைக்கு உன்னைச் சுற்றி இருக்கிற கூட்டம் நீ தும்மினாலும் கை தட்டும். வெட்கக்கேடு.

அடுத்த மாதம் பெரிய அரங்கத்தில் படம் பிடிக்கிறார்களாம், அதிலும் இதைத்தான் கடைசியாகச் செய்யப் போகிறாயாம். எடுத்துவிடு. அதோடு மேடை ஏறினால் அந்தக் கைதட்டலையே கட்டிக்கொண்டு இரு, என்னைக் கூப்பிடாதே. சிடுமூஞ்சியிடம் நீயாகப் போய்ப் பேசு, திட்டுவாள், வாங்கிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, தொண்டைக்கு வெந்நீர் குடி. என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, கோபம் வந்தாலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

முக்கியமானதை மறந்துவிடாதே, அத்தைக்கு நீ எழுத வேண்டும். நேற்று லேப்புக்கு வந்தாள். துணி கொடுக்க வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அவளிடமே ஊசி நூல் கேட்கிறார்களாம். உன்மேல் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. அக்கா, பாப்பா வேற யாரையோ பாத்துதான் அப்படிப் பண்ணுச்சுன்னு மட்டும் சொல்லுங்க, நான் நம்பிக்கிறேன் என்றாள்.

இப்படிக்கு,
உன் அம்மா