வாட்ச்மேனிடம் சொன்ன பெயர்

திருப்பூர்
வைகாசி, ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் பேச்சிராஜாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்த ஊர் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று பேச்சியம்மனிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் கடுதாசி என்று நினைப்பாய். இந்த லைன் வீட்டில் நான் போனில் என்ன பேசினாலும் உன் அப்பா காதில் விழும், நீயும் நான் வாயைத் திறக்குமுன் நல்லா இருக்கேம்மா, டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுவாய். எதிர்வீட்டு ராபின் லீவு முடிந்து நாளைக்கு தோஹாவுக்குத் திரும்புகிறான், உன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அப்பா டீக்கடைக்குப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

அவர் வேலை விஷயம்தான் எழுத வந்தது. இந்த ஊரில் பாதி பனியன் கம்பெனிக்குக் கூரை ஷீட் போட்ட ஆள் அவர், பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு இது நான் போட்டது, அந்தா அது நான் போட்டது என்று காட்டிக்கொண்டே வருவார், நீ தூங்கிப் போவாய், நான்தான் ம் கொட்டுவேன். இப்போது முதலாளியைப் பார்த்து வேலை கேட்கிற காலம் போய்விட்டது. பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்தால் கட்டிடத்தையும் பார்க்கிறானாம், கட்டின ஆளையும் கேட்கிறானாம், அதனால் சின்ன ஷெட்டைக்கூடப் பெரிய கான்ட்ராக்ட் கம்பெனியிடம் விட்டுவிடுகிறார்கள். உயரத்தில் ஏறுகிறவனுக்குப் பயிற்சி சர்டிபிகேட் வேண்டும், டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், இரண்டும் இருந்தால்தான் போட்டோ போட்ட கார்டு, கார்டு இருந்தால்தான் கேட்டுக்குள் கால் வைக்கலாம். உன் அப்பா முயற்சி பண்ணாமல் இல்லை. முதலில் போன இடத்தில் எட்டாவது பாஸ் என்று சான்று கேட்டார்கள், மூன்றாவதோடு மாடு மேய்க்கப் போனவருக்கு எட்டாவது யார் எழுதித் தருவார்கள். அடுத்த இடத்தில் படிப்பைக் கேட்கவில்லை, பிரஷர் பார்த்தார்கள். வீட்டில் இல்லாத பிரஷர் அந்தப் பட்டையைக் கையில் சுற்றினதும் அவருக்கு வந்துவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாங்க என்றார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனால் இப்போது வயது கூடிவிட்டது என்கிறார்கள். சரி, கார்டு வாங்கினவனாவது நிம்மதியாக இருக்கிறானா என்றால் அதுவும் இல்லை, இந்த சைட் கார்டு அந்த சைட்டில் செல்லாது, மறுபடி வகுப்பில் உட்கார், மறுபடி கைநாட்டு வை, உட்கார்ந்த நாளுக்கெல்லாம் வேலையும் போச்சு. டீக்கடையில் கூடுகிற ஆட்களுக்கு வேறு பேச்சே கிடையாது.

நான் கார்டையே குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. உன் அப்பாவோடு ஜோடியாக வேலை பார்த்த சீனிச்சாமி போன வருஷம் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில் கூரையில் வெளிச்சத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டில் கால் வைத்து விழுந்து செத்துப் போனானே, அவன் பெண்டாட்டி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மில் வாசலில் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் ரெஜிஸ்டரில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் நீ பயந்து போய் போனில் அப்பாவிடம் கத்தினாய். கார்டு இல்லாம வந்தா என் சைட்ல உங்களையே கேட்டுக்குள்ள விடமாட்டேன்ப்பா என்றாய். நீ பயத்தில் சொன்னாய், அது எனக்குத் தெரியும். படிக்க வைத்து சேஃப்டி ஆபீசர் ஆக்கின மகன் அப்பனை வாசலிலேயே நிறுத்திவிட்டான் என்று அவருக்குக் கேட்டது. அன்றிலிருந்துதான் உன் போன் வந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் சோற்றைக் கட்டச் சொன்னார், பொங்கலூர்ப் பக்கம் பெரிய ஷெட் ஒன்று எழும்புகிறதாம், அங்கே வேலை என்றார். கார்டு என்று இழுத்தேன். கெடச்சிட்டுட்டி, போயி அடுப்பப் பாரு என்றார். நானும் அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். முகம் தெளிந்திருந்தது, ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார், எனக்கு அது போதுமாக இருந்தது. பிறகு சித்திரையில் உன் பெரிய அத்தை தவறினாளே, அன்றைக்கு நடந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. மேலே ஏறுகிறவர்கள் போன் வைத்திருக்கக் கூடாது என்று அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊரிலிருந்து சேதி வந்ததும், நான் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் அப்படியே பீஸைப் போட்டுவிட்டுச் சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு பொங்கலூருக்கு பஸ் ஏறினேன். கூடப்பிறந்த அக்காளின் முகத்தை அவர் பார்க்க வேண்டுமே என்ற ஒரே நினைப்புதான்.

கேட்டில் வயதான வாட்ச்மேன், நல்ல மனுஷன், ஏனுங்கம்மா யாரப் பாக்கோணுங்க என்று கேட்டார். எங்க வீட்டுக்காரவுகளப் பாக்கணும் என்றேன். பேரச் சொல்லுங்க, பேரு தெரியாம எப்புடிங்க கூப்புடறது என்றார். எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் தெரியுமே, ரேஷன் கடையில் கார்டை நீட்டிவிடுவேன், ஆஸ்பத்திரியில் நீ பக்கத்தில் நின்று சொல்வாய். அங்கே நீட்டுவதற்குக் கார்டும் இல்லை, சொல்வதற்கு நீயும் இல்லை. வெயில் ஏறுகிறது, ஊரில் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அம்மனை மனதில் நினைத்துக்கொண்டு உன் அப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். அந்த மனுஷன் ரெஜிஸ்டரில் விரலை வைத்து மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்துவிட்டு, அப்புடி ஒருத்தரும் இங்க இல்லீங்களேம்மா, வேற கம்பெனியா இருக்குமுங்க என்றார். நான் அண்ணாந்து பார்க்கிறேன், கூரை விளிம்பில் மஞ்சள் ஹெல்மெட்டோடு அவர் நடந்து போகிறார், அந்த நடை எனக்குத் தெரியாதா. அந்தா போறாகல்லா என்று கையைக் காட்டினேன். அவரு அருள்செல்வனுங்க என்றார் வாட்ச்மேன். அதற்குள் உன் வயதில் ஒரு சேஃப்டி ஆபீசர் வந்துவிட்டான். என்னைப் பார்த்தான், மேலே பார்த்தான், மைக்கில் அருள்செல்வன் கீழ வாங்க என்று கூப்பிட்டான். உன் அப்பா திரும்பினார். அந்தப் பெயருக்குத் திரும்பினார், பேச்சிராஜா. நான் உயிரைக் கொடுத்துச் சொன்ன பெயருக்கு அங்கே ஆள் இல்லை, யாரோ ஒருவர் பெயருக்கு என் வீட்டுக்காரர் இறங்கி வருகிறார். அவர் ஏணியில் இறங்கி வருவதற்குள் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இவர் அங்கேயிருந்து விழுந்திருந்தால் அருள்செல்வன் வீட்டுக்குத்தான் போன் போயிருக்கும், நான் இங்கே உட்கார்ந்து பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அருள்செல்வன் அந்தப் பக்கத்துக்காரர், கார்டு உள்ளவர், மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார், சும்மா கெடக்கற கார்டுதானுங்கண்ணா என்று கொடுத்தாராம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீசை, ஹெல்மெட் மாட்டினால் யார் உற்றுப் பார்க்கிறார்கள். அந்த ஆபீசர் பையன் கெட்டவன் இல்லை, எனக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான், இன்னிக்கு நான் விட்டா நாளைக்கு என்னையத்தாம்மா கேப்பாங்க என்றான். ஆனால் எல்லார் முன்னாலும் உன் அப்பாவை நிறுத்தி, அந்தக் கார்டைக் கையில் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டான். அதுதான் விதியாம். உன் அப்பா உயரத்தில் மாட்டுகிற சேஃப்டி பெல்ட்டைக் கழற்றி மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். பஸ்ஸில் டிக்கெட் வாங்கினதும், எம்பேரச் சொன்னியா என்று கேட்டார். ஆமா என்றேன். சத்தமாவா என்றார். சத்தமாத்தான் என்றேன். திட்டுவார் என்று இருந்தேன், திட்டவில்லை. ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார், ஒரு ஷெட்டையும் எனக்குக் காட்டவில்லை.

அத்தை காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்தோம். அருள்செல்வன் கார்டையும் முடக்கிவிட்டார்கள், உடம்பு தேறியும் அவரை எந்த சைட்டிலும் எடுக்கவில்லை. உன் அப்பா அவர் வீட்டுக்குப் போனால் வாங்கண்ணா, மோர் குடிங்க என்கிறார்களாம், நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை என்கிறார் இவர். இப்போது எங்கள் கம்பெனியிலேயே பண்டல் தூக்குகிறார். அந்தக் கூரை அவர் போட்டதுதான், அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. நான் டேபிளில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்னால்தான் போச்சு என்று ஒரு சமயம் அழுகை வருகிறது, என்னால்தான் இறங்கினார் என்று ஒரு சமயம் மூச்சு விடுகிறேன். எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் கேட்டிலும் இப்படி யாராவது வந்து மாட்டுவான். எங்கோ ஒரு ஊர்க்காரனாக இருப்பான், அவனுக்கும் ஒருத்தி இருப்பாள். உள்ளே விடு என்று நான் சொல்லமாட்டேன், சீனிச்சாமி நினைப்பு என்னை அப்படிச் சொல்ல விடாது. திருப்பி அனுப்பு. ஆனால் பத்துப் பேர் முன்னால் நிறுத்தாதே, தனியாகக் கூப்பிட்டு அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்று கேள், அந்தப் பெயரைச் சொல்லி அனுப்பு. அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது போனை அப்பா கையில் கொடு என்று என்னிடம் சொல், நான் வாசலை மறித்துக்கொண்டாவது கொடுத்துவிடுகிறேன். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே. சாப்பிட்டீங்களாப்பா என்று கேள், அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் வைத்துவிடாதே.

ராபினிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்திருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. பேச்சியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், சீக்கிரம் உனக்கும் ஒரு நல்லவள் அமையட்டும். எப்போதும் கடுதாசிக்கு அடியில் உன் அம்மா என்று மட்டும்தான் போடுவேன். வாட்ச்மேனிடம் சொல்லியாகிவிட்டது, உனக்கு எழுதுவதற்கு என்ன வெட்கம். என் கையால் ஒரு இடத்திலாவது அவர் பெயர் எழுதியிருக்கட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
இசக்கிமுத்து மனைவி வெள்ளையம்மாள்