கண்ணாடிப் பூக்கள்

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாததால் கடிதத்திலும் இப்படித்தான் எழுத வருகிறது, சிரிக்காதீர்கள். போனில் பேசினால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறீர்கள். எதுவானாலும் எழுதிப் போடு என்றீர்கள், போடுகிறேன்.

நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு வீடு வெறிச்சோடிவிடும் என்று பயந்தேன். எங்கே? பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயந்து அலறும் குழந்தைகள், வீட்டுக்கு வந்தால் உங்கள் கடல் மீன் தொட்டியின் இரைச்சல். தெறிக்கும் உப்புத் தண்ணீர் காய்ந்து தரையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. துடைத்து மாளவில்லை.

நீங்கள் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பழுப்பு நிறத்தில், கண்ணாடி போன்ற மெல்லிய கைகளை விரித்துக்கொண்டு கல்லில் புதிதாக முளைத்திருக்கிறதே, அதைப் பூ என்று நினைத்து ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பூவல்ல, பிராணி, பக்கத்தில் இருக்கும் பவளத்தையெல்லாம் கொட்டியே கொன்றுவிடும் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் உதறல் எடுத்தது. உங்கள் அலுவலகத் தோழி பிறந்தநாளுக்குக் கொடுத்தாரே ஒரு பவளக் கல், அதில்தான் முதலில் முளைத்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

நீங்கள் சொன்னபடியே பம்ப்பை நிறுத்திவிட்டு, சுண்ணாம்பைக் குழைத்து ஊசியில் ஏற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் விட்டேன். விரல் பட்டால் போதும், சட்டென்று பொந்துக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆனால் ஊசி நெருங்குவது தெரியாமல் குத்துவதுதானே என் பிழைப்பு. கிள்ளாதே, கிழிக்காதே, நசுக்காதே, ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது தனி உயிராக வளர்ந்துவிடும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர்கள். மறக்க மாட்டேன். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்குமே உங்கள் செல்ல மூளைப் பவளம், அது பத்திரமாக இருக்கிறது.

அடுத்த மாதம் வருவதாகச் சொன்னீர்கள். நாள் தெரிந்தால் லீவு சொல்ல வசதியாக இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
மனைவி


என்னங்க,

உங்கள் தங்கை போன் செய்தாள். என்னைக் கூப்பிட நினைத்தாளா, உங்கள் அம்மாவைக் கூப்பிட நினைத்தாளா தெரியவில்லை. எடுத்த எடுப்பில், “அண்ணனால இந்த மாசம் வர முடியாதாம், அண்ணிக்கு மசக்கை, ஒண்ணுமே சாப்பிட முடியலையாம்” என்றாள்.

அவளுக்கு அண்ணி நான்தான். அந்த ஒரு நொடி என் கை தானாக என் வயிற்றுக்குப் போனது. அப்படி ஒரு முட்டாள் நான். பிறகுதான் அவள் ‘ஐயோ’ என்று போனை வைத்துவிட்டது உறைத்தது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. புது அண்ணிக்கு வாய் பழகும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்களிடம் கேட்டபோது இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றீர்கள். எழுதியும் விட்டீர்கள். என்னைப் பற்றி ஒரு வரி, ‘நீ தைரியசாலி, சமாளித்துக்கொள்வாய்’ என்று. மிச்சம் இரண்டு பக்கமும் தொட்டியைப் பற்றி. தொட்டி வாங்கிய கடைக்காரர் வேனோடு வருவார், கற்களையும் பவளங்களையும் உப்புத் தண்ணீர் டப்பாவில் ஏற்றிவிடு, அதற்குள் அந்தக் கண்ணாடிப் பூச் சனியனை அடியோடு ஒழித்துவிடு, புது வீட்டுக்கு அது வரக்கூடாது. இவ்வளவுதான் உங்களுக்கு என்னிடம் சொல்ல இருந்தது.

அந்தத் தொட்டி நிற்கும் அறை எதற்காக ஒதுக்கிய அறை என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. தொட்டில் போட வேண்டிய இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு, வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால், “இவகிட்டதான் ஒண்ணும் வளரல, இதுலயாவது வளரட்டும்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? சின்னக் குழந்தைக்கு ஊசியைத் தப்பாகப் போட்டுவிடுவேன் என்று பெரிய டாக்டரே என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

தொட்டியை அனுப்பி வைக்கிறேன். கவலைப்படாதீர்கள்.

இப்படிக்கு,
தைரியசாலி


மதிப்பிற்குரிய ஐயா,

‘என்னங்க’ என்று அழைக்கும் பாத்தியதை இப்போது வேறொருவருக்குப் போய்விட்டதால் மரியாதையாகவே எழுதுகிறேன். இதை மூளைப் பவளம் இருக்கும் டப்பாவின் மூடியில் ஒட்டி அனுப்புகிறேன். நீங்கள் முதலில் திறப்பது அதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். கோமாளி மீன்கள் தனி டப்பாவில் இருக்கின்றன, வந்த உடனே தீனி போடாதீர்கள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிப் பூ ஒன்றுகூடக் கண்ணில் படாது. கடைக்காரரும் பார்த்துவிட்டு, “எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கம்மா” என்று மெச்சினார்.

எப்படி ஒழித்தேன் என்று கேட்பீர்கள். சுண்ணாம்பும் ஊசியும் சரிப்பட்டு வரவில்லை, ஐயா. ஒவ்வொன்றாகக் குத்தப் பொறுமை இல்லை. நீங்கள் விட்டுவிட்டுப் போன பல் தேய்க்கும் பிரஷ் குளியலறையில் கிடந்தது. வேன் வர ஒரு வாரம் இருக்கும்போதே அதை எடுத்து வந்து, ஒன்று விடாமல் நறநறவென்று தேய்த்தேன். தண்ணீரெல்லாம் பழுப்பாய்த் தூள் பறந்தது. பம்ப்பை நிறுத்தவில்லை. எல்லாக் கல்லின் சந்துக்கும் போய்ச் சேரட்டும் என்று வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், மனசுக்கு இதமாக இருந்தது.

நீங்கள் அடிக்கோடிட்டது ஞாபகம் இல்லையா என்று கேட்காதீர்கள். பால்குடிக் குழந்தைகளுக்கு மருந்து அளந்து கொடுக்கிறவள், ஒரு முறை படித்ததை மறக்க மாட்டேன்.

மீன்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அவை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பவளங்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியாது.

இந்த அறையைக் கழுவிவிட்டேன். தொட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் நிறம் மாறிக் கிடக்கிறது. அங்கே என் கட்டிலைப் போட்டுக்கொள்ளப் போகிறேன், ஜன்னல் காற்று நன்றாக வருகிறது.

அந்தப் பெண்ணுக்கு வாந்தி நிற்காவிட்டால் வெறும் வயிற்றோடு விடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது கொடுங்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். பிறந்ததும் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். இதை மனதாரச் சொல்கிறேன், அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

என்னிடம் வளராதது எல்லாம் உங்களிடம் வளரட்டும். ஒன்று நூறாகி, கல்லுக்குக் கல், மூலைக்கு மூலை, கிள்ளக் கிள்ளப் பெருகி, உங்கள் வீடு நிறையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின்
பழைய அண்ணி