எல்லைப்பிணை ஒழித்து வடகரை நாட்டுக்கு விடுத்த ஓலை

வயலில் நெல்லும் வழியில் அச்சமின்மையும் ஓங்குக. நீலவரை நாடு முழுதாளும் கோமாட்டி வானமங்கையார் திருவாய்மொழிந்தபடி, பேரமைச்சர் கூத்தன் பொதியிலான் எழுதுவித்த ஓலை. வடகரை நாட்டுத் தலைவரும் பல போர்முனை கண்டவருமாகிய மழவராயர் தழுவக்குழைந்தான் இதனை இரு கையாலும் ஏற்று, நின்றபடியே படிப்பித்துக் கேட்க. உம் கோட்டையும் குடிகளும் குதிரைகளும் நலமுற்றிருக்க.

உம் ஓலை வந்து சேர்ந்தது. வடகரையில் கொலையும் வழிப்பறியும் மழைக்காலத்து ஈசல்போலப் பெருகின என்றும், பொழுது சாயுமுன் சந்தை கலைகிறது என்றும், மணமகளைக்கூட நகையின்றி மஞ்சள் கயிற்றோடு புக்ககம் அனுப்புகிறார்கள் என்றும், காவலர் கண்ணயர்ந்து நெடுநாளாயிற்று என்றும் எழுதியிருந்தீர். உள்ளதை மறைக்காமல் எழுதினீர் என்று அவை உம்மைப் பாராட்டியது. அதற்கடுத்து நீர் கேட்டதுதான் எவருக்கும் பிடிக்கவில்லை. எந்த ஊர் எல்லைக்குள் கொலை வீழ்கிறதோ, அவ்வூரான் ஒருவனைக் கொலைஞன் அகப்படும்வரை விலங்கிட்டு வைக்கும் எல்லைப்பிணை என்னும் பழவழக்கை இன்னும் இறுக்கி, இனிப் பிணையாளின் தலையையே வாங்க இசைவு கேட்டீர். முதல் தலையாகக் கொன்றைக்குறிச்சியில் செக்காட்டும் எழுவனின் தலையைக் குறித்தீர். அவன் வாசலில் குருதி இருந்தது, உடல் இல்லை, கேட்டால் வாய் திறக்கவில்லை, ஆகவே அவனே கொன்று மறைத்தான் என்பது உம் முடிவு. முடிவு செய்ய உமக்கு எப்போதுமே நேரம் பிடிக்காது, மழவராயரே.

அவ்வெழுவனின் மனைவி உலகாண்டாள் அவைமுன் வந்து நின்றாள். அன்று விளக்கேற்றும் வேளையில் எள்ளுச் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தவள், எல்லைக்கல் பக்கமிருந்து முனகல் வரக் கேட்டாள். ஊராரும் கேட்டனர், கேட்டதும் கதவடைத்தனர். அவள் கையும் முதலில் தாழ்ப்பாளைத்தான் தேடிற்று. போனால் கணவன் காலில் விலங்கு, போகாவிட்டால் ஆயுளுக்கும் நெஞ்சில் முள். இரண்டுக்கும் நடுவே அவள் வெகுநேரம் நிற்கவில்லை. கல்லருகே குத்துண்ட இளைஞன் ஒருவன் கிடந்தான். தாடை கிழிந்ததால் பேச்சில்லை. உடைமை பறிபோனதால் யாரென்ற அடையாளமும் இல்லை. மண்ணில் அவனை இழுத்து வந்த தடம் இருந்தது. பிணைக்கு அஞ்சி மேலூரார் அவனைக் கீழூர் எல்லையில் தள்ள, கீழூரார் கொன்றைக்குறிச்சி எல்லையில் தள்ளியிருந்தனர். பிணத்தையல்ல, மூச்சிருந்தவனை இழுத்தார்கள் என்று சொல்லும்போது அவள் அழவில்லை. சினத்தால் குரல் தடித்தது. ஊராரைத் தண்டிக்கலாமா என்று கோமாட்டியார் வினவியபோது அவள் சொன்ன விடையை, திருத்தாமல் அப்படியே எழுதுக என்பது ஆணை: “எங்க ஊருச் சனம் கெட்ட சனம் இல்லீங்க. கூப்பிட்ட குரலுக்கு ஓடுற சனந்தான். ஓடுனா வெலங்கு மாட்டுவீங்கன்னா எவன் ஓடுவான்?”

கணவனும் மனைவியும் அவனைத் தூக்கி வந்து புண்ணைக் கட்டினர். இருவரும் போனால் காவலர் துரத்துவர், நான் இருக்கிறேன், நீ வண்டியைப் பூட்டு என்றானாம் எழுவன். தலைநகர் மருத்துவச்சாலை வரையில் அவள் மாட்டை ஏசியதைவிடத் தன்னை ஏசிக்கொண்டதே அதிகம். எழுவன் உம்மிடம் வாய் திறவாததற்கும் காரணம் அதுவே. சொன்னால் சாட்சிக்கென்று வண்டியை மறித்துத் திருப்புவீர், வழியிலேயே அந்த உயிர் போகும் என்று அஞ்சினான். உம்மை நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறான்.

இளைஞன் பிழைத்தான். பேச்சு மீண்டதும் குத்தியவர் பதுங்குமிடம் சொன்னான். நம் குதிரைப்படை அவர்களைக் கருங்காட்டுச் சூளையில் வளைத்துப் பிடித்தது. உம் சிறைமண்டபம் நிறையப் பிணையாட்கள் கிடந்தும் ஒரு கொலைஞன்கூட அகப்படவில்லை. ஒரு கதவு திறந்ததால் ஒரு கூட்டமே அகப்பட்டது. அவ்விளைஞன் குருதி மூன்று எல்லையில் சிந்தியதை மூன்று கொலையாக எழுதியிருந்தீர். மற்றவை மெய்க்கொலைகள், நாம் நாணுவதற்கு அவையே போதும்.

ஆகவே கட்டளை யாதெனில்: இதைக் கேட்ட அக்கணமே எழுவனின் விலங்கைக் கொல்லன் கைக்கு விடாது நீரே கழற்றுக. எல்லைப்பிணை இன்றோடு ஒழிந்தது. அதில் கிடப்போர் யாவரும் வீடு செல்க. கூக்குரல் கேட்டுக் கதவு திறந்தாரைக் குற்றவாளிபோல் வினவலாகாது. புண்பட்டவனுக்கு முதலில் மருந்து, பிறகே விசாரணை. இனிக் குற்றுயிராய்க் கிடப்பவனை எல்லை தாண்டி இழுப்பார் உளரேல், அவரும் கொலைஞரே. பெருவழிக்குக் குதிரைக்காவல் புறப்பட்டுவிட்டது. ஊர்தோறும் கதவுகள் திறந்தால் கள்வர்க்கு ஒளிய இடமேது? வடகரைச் சந்தை மீண்டும் விளக்கு வைத்து நடக்கும். அதில் அவைக்கு ஐயமில்லை.

பிழைத்தவன் பெயரை ஓலையின் தொடக்கத்திலேயே எழுதலாமே என்றார் எழுத்தர். பேரமைச்சர் மறுத்தார். முதலில் எழுதியிருந்தால் நீர் தந்தையாகக் கீழ்ப்படிந்திருப்பீர். நாட்டுக்கு வேண்டியது நீர் தலைவராகக் கீழ்ப்படிவது. அவன் உம் மகன் சேந்தன். தெற்கே படைப்பயிற்சி முடித்து, உமக்குச் சொல்லாமலே ஊர் திரும்பியவன். வாய்ப்புண் இன்னும் ஆறாததால் உலகாண்டாள்தான் அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். அவன் யார் மகன் என்று அவளுக்கும் சொல்லியாயிற்று. ஒரு கணம் கரண்டி நின்றது. பிறகு கஞ்சியை ஊதி ஊட்டினாள். தன் கணவன் உயிரோடிருக்கிறானா என்பதை மட்டும் அவள் இன்னும் அறியாள்.

எழுவன் இங்கு நடந்து வர வேண்டா. உம் தேரில் ஏற்றி, நீரே உடன் வருக. மலையும் பிறையும் பொறித்த முத்திரை இடப்பட்டது. இப்படியே செய்க.