ஆள் இல்லை என்று திரும்பிய அட்டை

அக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து மழை. நமுனுகுல மலை மூடிக் கிடந்தது. பஸ் ஜன்னல் மூடவில்லை, வலது தோள் முழுக்க ஈரம். 8.10க்குக் கடை திறந்தோம். போட்டோ கொப்பி மெஷின் சூடாக ஐந்து நிமிடம். அதற்குள் பொது அறிவு இரண்டு பக்கம்.

சட்ட நுழைவுப் பரீட்சைக்கு இன்னும் 12 நாள். 25 சனி, கொழும்பு. அனுமதி அட்டை வரவில்லை.

விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான், கடை முதலாளி பவானி அக்கா (இனி ப.அ.). வீட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று சொல்லியிருக்கிறேன். பாஸ் பண்ணினால் சொல்லலாம். இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகட்டும்.

ஒரு தப்பு செய்தேன். பதினாறில் பள்ளிக்கூடம் விட்டு, ஏ.எல். (உயர்தரம்) வெளியில் இருந்து எழுதினேனே, அப்போது கடை விலாசம் போட்டேன். இந்தத் தடவை ஃபாரத்தில் நிரந்தர விலாசம் என்று இருந்தது. கடை விலாசம் போடலாமா என்று ப.அ.விடம் கேட்கப் போய், வாய் வராமல் திரும்பி வந்து வீட்டு விலாசம் எழுதினேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், லயத்துக்கு ஏது விலாசம். இருபத்துநாலு வீட்டுக்கும் தோட்டத்தின் பெயர்தான். தபால் எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்கு. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கிளாக்கர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்.

அம்மா தினமும் பெரட்டுக்குப் போகிறாள். அப்பாவும். கொண்டு வந்தால் தெரிந்துவிடும். கொண்டு வராவிட்டால் பரீட்சை இல்லை.

அக்டோபர் 15, புதன்

கொப்பி 412. டோனர் மாற்றினேன். கையெல்லாம் கறுப்பு.

கடை கோர்ட் படிக்குக் கீழே. லோயர்மாரின் கிளாக்கர் இரண்டு பேர் கொப்பிக்குக் காத்திருந்து பேசியது:

"தோட்டத்து ஆளுங்க சம்மன் வந்தா வாங்க மாட்டானுங்க. வாங்கலன்னா கேஸ் இல்லன்னு நெனப்பு."

"அப்புறம் வாரண்ட் வரும்போது லோயர் காலைப் புடிப்பானுங்க."

சிரித்தார்கள். நான் பேப்பரை அடுக்கினேன். காது சுட்டது. நானும் தோட்டம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி பேசவில்லை, தெரிந்துதான்.

அப்பா மேலேயும் கேஸ். மூன்று வருஷமாக. வேலைநிறுத்தத்தில் தோட்டத்து ஆபீஸ் கண்ணாடி உடைந்தது. உடைத்தது யாரென்று தெரியாது. ஏழு பேரைப் பிடித்தார்கள், அதில் அப்பாவும். எட்டு மாதம் வேலை இல்லை. அந்த எட்டு மாதத்தில்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு இந்தக் கடைக்கு வந்தேன். பிறகு வேலை திரும்பக் கிடைத்தது, கேஸ் மட்டும் போகவில்லை.

கோர்ட்டில் முதல் தவணைக்கு அப்பாவோடு நானும் போனேன். எல்லாம் சிங்களத்தில். லோயர் நாலு நிமிடம் பேசினார். வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல, தேதி போட்டிருக்காங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் ஏதோ புரிந்துகொண்டிருப்பேன் என்று. எனக்கும் புரியவில்லை. அன்றைக்குத்தான் இந்த லோயர் எண்ணம். சிங்களம் வாசிக்கப் பழகியதும் அதற்குப் பிறகுதான்.

அக்டோபர் 17, வெள்ளி

பழைய வினாத்தாள், மத்தியான இடைவேளையில், நேரம் வைத்து. "ஆறு பேர் வட்ட மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். A-க்கு எதிரே யார்?" எழுத்துகள் நகர ஆரம்பித்தன. கை ஐஸ். பதினொன்றாவது கேள்வியோடு எழுந்து கக்கூசுக்குப் போய்விட்டேன்.

ப.அ. திட்டவில்லை. "பயமா இருந்தா பயந்துக்கிட்டே எழுது. பயம் போன பொறவுதான்னு நின்னா நானெல்லாம் கடையே தொறந்திருக்க மாட்டேன்" என்றார்.

கண்டுபிடித்தது ஒன்று: மெஷினில் பச்சை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக நான்கு எண்ணிக்கை. போகும்போது மூச்சு உள்ளே. திரும்பும்போது வெளியே. பத்துக் கொப்பியில் கை கொஞ்சம் சூடாகிறது.

3 மணிக்கு டவுன் பிள்ளை ஒருத்தி, அவள் அப்பாவோடு. ஒரு தாள், மூன்று கொப்பி. கண்ணாடியில் வைத்தபோது பார்த்தேன். அனுமதி அட்டை. அதே பரீட்சை. அதே 25.

"எப்ப வந்துச்சு?" என்று என் வாயே கேட்டது.

"ஒரு கிழமைக்கு மேல ஆச்சே. எல்லாருக்கும் வந்திருச்சு. யாராவது எழுதுறாங்களா?"

தலையை ஆட்டினேன், இல்லையென்று.

அக்டோபர் 18, சனி

பஸ்ஸுக்கு முன் தோட்டத்து ஆபீஸ். 6.20. கிளாக்கர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ, அவரே கேட்டார்.

"என்ன புள்ள?"

என் பெயருக்குக் கடிதம் ஏதும் வந்ததா என்றேன். புத்தகத்தைப் புரட்டினார்.

"ஸ்டெல்லா... வந்துச்சே. ரெஜிஸ்டர் தபால். செவ்வாக்கிழமை, ஏழாந் தேதி. பெரட்டுல கூப்புட்டேன், ஒங்கப்பாதான் வந்தாரு. மக கொழும்புக்குப் போயிட்டா, அப்படி ஆளு இங்க இல்லன்னு சொல்லித் திருப்பிவிடச் சொன்னாரு. நானும் அப்படியே எழுதி அனுப்பிட்டேன்."

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். என் பெயர். பக்கத்தில் 'ஆள் இல்லை'.

"சரிங்க" என்றேன்.

இன்று கொப்பி எத்தனை என்று எழுதவில்லை. ஒருவருடைய காணி உறுதிப் பத்திரத்தை இரண்டு தரம் தலைகீழாகக் கொப்பி அடித்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை. மண்டியிட்டேன், ஜெபம் வரவில்லை. செபமாலையை விரலில் உருட்டிக்கொண்டு, ஏழாம் தேதி அப்பாவோடு எனக்குச் சண்டை ஏதும் இருந்ததா என்று யோசித்தேன். இல்லை. அன்றைக்கு அப்பா எனக்குப் பேக்கரிப் பனிஸ் வாங்கி வந்தார். காரணம் சொல்லவில்லை.

சாப்பிட்ட பிறகு கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

அப்பா கையைக் கழுவாமலே இருந்தார். "கவர்மெண்ட் முத்திரை போட்டிருந்துச்சு ஆயி. மேல 'சட்ட'ன்னு எழுதியிருந்துச்சு. அது வரைக்கும் நான் வாசிப்பேன். ஒம் பேரு. கண்ணாடி ஒடஞ்ச அன்னைக்கு நீ எனக்குத் தேத்தண்ணி கொண்டாந்து ஆபீஸ் படியில நின்ன இல்ல, பொலிஸ்காரன் ஒம் பேர எழுதிக்கிட்டான். ஒன்னைய சாட்சிக்கு இழுக்குறானுங்கன்னு நெனச்சேன். என்னோட போகட்டும்னுதான்..."

அது பரீட்சைக் கடிதம் என்றேன். என்ன பரீட்சை என்று சொன்னேன். முதல் தடவையாகச் சத்தமாக.

அம்மா பாத்திரத்தை வைத்தாள். "ரெண்டும் ஒரே சாதி. அதுவும் வாயத் தொறக்காது, இதுவும் வாயத் தொறக்காது. கடுதாசி மட்டும் பேசுமா?"

அப்பா எழுந்து வெளியே போனார். மழையில் குடை எடுக்காமல்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை லீவு. எல்லா ஆபீஸும் லீவு. யாருக்கும் போன் பண்ண முடியாது. பக்கத்து லயத்தில் வெடி.

மேல்வீட்டு லெட்சுமி அத்தை முறுக்கு கொண்டுவந்தார். "என்னா, வீடே எழவு வீடு மாதிரி?"

அப்பா இன்றைக்குப் பேசியது ஒன்று: "லோயராவா? கடையில சீனி கேக்கவே வாய் வராதே ஒனக்கு." கேலி மாதிரி ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி.

படிக்கவில்லை. திரும்பி வந்த அட்டைக்கு எதற்குப் படிப்பது. பிறகு படித்தேன். ஆறு பேர் வட்ட மேசை.

"எதுக்கு வட்டமா உக்காந்திருக்காங்க, வேலை வெட்டி இல்லையா?" அம்மா.

அக்டோபர் 21, செவ்வாய்

பரீட்சை ஆபீஸுக்குப் போனில் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில், தடுக்காமல் வாசிக்கத் தமிழ் எழுத்தில், ஒரு தாளில் எழுதினேன். ஏழு வரி. ப.அ. நான் பேசட்டுமா என்றார். தலையாட்டப் போனேன். பிறகு வேண்டாம் என்றேன்.

நாலு தரம் என்கேஜ்ட். ஐந்தாவது தரம் ஒரு பொம்பளைக் குரல். ஏழு வரியில் மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மெஷினைப் பார்த்தேன். ப.அ. மூடியைத் திறந்து வெறும் கண்ணாடியில் ஒரு கொப்பி அழுத்தினார். பச்சை வெளிச்சம் போனது. மிச்ச நாலு வரி சொன்னேன்.

பதில் தமிழில் வந்தது! "திரும்பி வந்த கட்டில இருக்கு தங்கச்சி. நெட்டில் எடுக்க ஏலாது. சனிக்கிழமை ஏழரைக்கு முன்னாடி மண்டபத்துக்கு வாங்க. அடையாள அட்டை. கடிதத்தைத் திருப்பின ஆளும் நேர்ல வந்து எழுதிக் கையெழுத்து வைக்கணும். அப்பவும் விடுறது பெரிய மேற்பார்வையாளர் கையில."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கக்கூஸ்.

அப்பா வர வேண்டும். கவர்மெண்ட் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். கேஸுக்கு முன் பொலிஸில் சிங்களத் தாளில் வைத்த கையெழுத்துதான் அவருடைய கடைசிக் கையெழுத்து. அதற்குப் பிறகு சம்பளத் துண்டுக்குக் கூட அம்மாதான்.

அக்டோபர் 23, வியாழன்

அப்பா வருகிறார். ஆமாம் என்று சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்து அம்மாவிடம் தேய்க்கக் கொடுத்தார்.

கொண்டு போக: ஐடி. ஐடி கொப்பி 3. நீலப் பேனை 2. கைக்கடிகாரம் (ப.அ.வுடையது). பஸ்ஸுக்குப் புளிப்பு மிட்டாய். மாதா படம், சின்னது.

நாளை காலை 5 மணி பஸ். கொழும்பில் சொந்த அத்தை, அப்பாவின் தங்கச்சி வீட்டில் தங்கல்.

அக்டோபர் 25, சனி

அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

7.05க்குப் போனோம். ஏற்கனவே வரிசை. எல்லாரிடமும் அட்டை. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்கள். எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். 7.40. 8.10. எல்லாரும் உள்ளே போனார்கள். கடையில் கொப்பி எடுத்த டவுன் பிள்ளையும் போனாள். என்னைப் பார்த்தாள்.

8.35க்கு மேற்பார்வையாளர் வந்தார். கோபக்காரர் இல்லை, நேரமில்லாதவர். ஒரு தாளில் சிங்களத்தில் நாலு வரி எழுதி அப்பாவிடம் நீட்டினார். இங்கே, என்று விரலால் காட்டினார்.

அப்பா பேனையைப் பிடித்தார். எழுதவில்லை. மணி அடித்தது. உள்ளே பேப்பர் கொடுக்கிறார்கள், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் "இக்மன்ட, இக்மன்ட" என்றார், சீக்கிரமாம். அப்பாவின் நெற்றியில் வேர்வை. தாளை விட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குக் கோர்ட்டில் பார்த்த அதே பார்வை.

கெஞ்சலாம் என்று இருந்தது. வைங்கப்பா, எப்படியாவது வைங்கப்பா.

தாளை வாங்கினேன். முழுசாக வாசித்தேன், ஒவ்வொரு சொல்லாக. ஒரு சொல் தெரியவில்லை. அதை மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நான் கேட்டேன். பிறகு அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்: "கடிதத்தைத் திருப்பினது நீங்க, அது தெரியாம செஞ்சது, இவ உங்க மக. அவ்வளவுதான். கேஸைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா?"

"இல்லப்பா."

வைத்தார். மெதுவாக, பெயர் முழுவதும். சூசை.

திரும்பி வந்த கட்டில் என் அட்டையைத் தேடி எடுத்து, ஐடி பார்த்து, உள்ளே விட்டபோது இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. என் செருப்புச் சத்தம் மட்டும். முதல் பக்கம் வெறும் கறுப்புக் கோடுகள். கண்ணை மூடி பச்சை வெளிச்சம், போகும்போது உள்ளே, வரும்போது வெளியே. பத்துக் கொப்பி. மேலும் ஒரு நிமிடம் போச்சு. பிறகு எழுத்துகள் நகராமல் நின்றன.

பதினான்கு கேள்வி தொடவில்லை. நேரமில்லை. வட்ட மேசை வந்தது, தெரிந்த கணக்கு, கடைசிப் பக்கத்தில். போக முடியவில்லை.

இரண்டாம் பேப்பர் பரவாயில்லை. ஆனால் முதலாவது போதாது. எனக்குத் தெரியும். பொய் எழுத இந்த டயரி இல்லை.

அப்பா கேட்டுக்கு வெளியே அதே இடத்தில். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "நல்லா எழுதுனியா?" எழுதினேன் என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

கடை. கொப்பி 388. டவுன் பிள்ளை வந்தாள். "நீங்களும் எழுதினதா? சொல்லவே இல்லையே." அடுத்த தடவையும் எழுதுவாளாம், சேர்ந்து படிக்கலாமாம். சரி என்றேன், வாயால்.

அம்மா சொன்னது: இன்று பெரட்டில் எல்லார் முன்னாலும் அப்பா கிளாக்கரிடம், "இனிமே எம் மக பேருக்கு எது வந்தாலும் குடுங்க ஐயா. நானே கையெழுத்து வச்சு வாங்கிக்கிறேன்" என்றாராம். கங்காணி, "என்னா சூசை, கலெக்டரா ஆயிட்டாளா மக?" என்றாராம். "ஆவா" என்றாராம் அப்பா.

ரிசல்ட் வர மாசக்கணக்காகும். பதினான்கு கேள்வி பற்றி இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. பஸ் லேட். வீட்டுக்கு வரும்போது அப்பா வாசலிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை. கையில் கடிதம், நனையாமல் பொலித்தீனில் சுற்றி. பிரிக்கவில்லை.

"ரெஜிஸ்டர் தபால். கையெழுத்து வச்சு வாங்கிட்டேன். முழுப் பேரும் போட்டேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பனிஸ் வாங்கி வைத்திருந்தார்கள்.

பிரித்தேன். பதுளைக் கோர்ட் முத்திரை. வழக்கு இலக்கம் எனக்கு மனப்பாடம். குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள் பட்டியலில் நாலாவது, சூசை. கீழே என் பெயர், பொலிஸ் தரப்புச் சாட்சி. தேதி 27. வராவிட்டால் பிடியாணை.

"பாஸா ஆயி?" என்றார் அப்பா. "சத்தமா வாசி, அம்மாவும் கேக்கட்டும்."

இருந்ததை இருந்தபடி வாசித்தேன், ஒவ்வொரு சொல்லாக.