மோட்டார் பெட்டியில் உங்கள் எண்

மாமா,

இன்று காலை கைதவறி உங்கள் பழைய எண்ணைத் தொட்டுவிட்டேன். சேலத்தில் நான் துண்டிப்பதற்குள் சங்ககிரியில் உங்கள் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது. அத்தை உடனே கூப்பிட்டார். "ஏஞ்சாமி, வெறுங்காட்டுக்கு எதுக்குத் தண்ணி உடறே?"

அந்த சிம்மை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போட்டவன் நான். வீட்டிலிருந்தே போன் செய்தால் மோட்டார் ஓடும் என்று பெருமையாகப் பொருத்த வந்தேன். புது சிம் வாங்கச் சோம்பல். உங்கள் போனில் இரண்டு இருந்தன. நீங்கள் அதிகம் பேசாததைக் கழற்றிச் செருகினேன். ஆதாரும் வங்கிக் கணக்கும் எந்த எண்ணில் என்று கேட்கவில்லை. விவசாயிகளுக்குப் பணச் செயலி பழக்குவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. கேட்கவில்லை.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் அன்று சேவை மையத்திலிருந்து அழைத்தீர்கள்.

"மாப்ள, ஓடிபி மோட்டாருக்குப் போயிருச்சுங்களாம். இங்கிருக்கிற புள்ள சிரிக்குது. மோட்டாரு படிச்சுச் சொல்லுமுங்களா?"

நான் மீட்டிங்கில் இருந்தேன். "சிம்மைக் கழட்டிட்டு வாங்க மாமா, ரெண்டு நிமிஷ வேலை" என்று வைத்துவிட்டேன்.

காடு எட்டு கிலோமீட்டர். பெட்டியின் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. மொபெட்டில் நீங்கள் திரும்பி வந்தபோது மையத்தின் ஷட்டர் இறங்கியிருந்தது.

ஐப்பசி மழையில் மரவள்ளி மண்ணுக்குள்ளேயே அழுகியது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு இழப்பீடு வந்தது. உங்களுக்கு நாற்றம் மட்டும். என்னைத் திட்டியிருக்கலாம். "உடுங்க மாப்ள, மோட்டாராச்சும் ஒழுங்கா ஓடுது" என்றீர்கள். சிம்மை மறுபடி பெட்டியிலேயே போட்டுவைத்திருந்தீர்கள்.

அடுத்த வருடம் நடவில்லை. லாரிப் பட்டறைக்கு வாட்ச்மேனாகப் போனீர்கள். அங்கே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உயிர் போயிற்று. எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: பயனரின் தவறு.

போன வாரம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒருவருக்குச் செயலி ஏற்றிக்கொடுக்கப் போனேன். இப்போதெல்லாம் என் முதல் கேள்வி, "இந்த நம்பர் சிம் எங்கே இருக்கு?" அவர் சிரித்தார். "மோட்டார்லதான் இருக்கு. உனக்கு எப்படிப்பா தெரியும்?"

பையில் எப்போதும் கிடக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவரோடு காட்டுக்கு நடந்தேன்.

அது ரெண்டு நிமிஷ வேலை இல்லை, மாமா. முக்கால் மணி நேரம் ஆயிற்று.