முத்துக்கு வாங்கிய வீடு

2008 ஜூன் 3, செவ்வாய்

விடாத மழை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் செருப்பு அறுந்தது. கடையில் இரண்டு முறை மின்வெட்டு. முதலாளி நஸீர் நானா ஜெனரேட்டரைத் திட்டிய திட்டு கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

செய்த வேலை: போட்டோ கொப்பி, வெளிநாட்டு போன் கோல் நாலு, ஒரு கல்யாணக் கார்ட் டைப். மாப்பிள்ளை பெயரை இரண்டு முறை மாற்றினார்கள். ஆளையே மாற்றுகிறார்களோ என்று பயந்துவிட்டேன்.

பிற்பகல் கடை காலி. வாங்கிவிட்டேன். வீடு!

பின்னால் நானே படித்தால் புரிய வேண்டும், அதனால் ஒழுங்காக எழுதுகிறேன். கொம்பியூட்டரில் ஒரு விளையாட்டு. ஒரு தீவு. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அதில் பொம்மை மனிதர்களாக நடமாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கடை போடுகிறார்கள். அங்கே காசுக்குப் பெயர் முத்து. நிஜக் காசு கொடுத்துத்தான் முத்து வாங்க வேண்டும். நானாவின் மருமகன் கட்டாரிலிருந்து தன் கிரெடிட் கார்டில் வாங்கி, அதற்கான நம்பரை அனுப்புவார். நானா அந்த நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி, போன் கார்ட் மாதிரி விற்பார். மற்றவர்கள் வாள், குதிரை என்று வாங்குகிறார்கள். நான் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் முத்தாகவே வாங்கிச் சேர்த்து, இன்றைக்கு வீடு.

வெள்ளைச் சுவர். ஓட்டுக் கூரை. சமையலறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். நாலு பக்கமும் ஜன்னல். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய அறைகளில், எங்கள் காம்பராவுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, அவ்வளவுதான். இரண்டு பக்கச் சுவரும் பக்கத்துக் காம்பராவுக்கும் சேர்த்துத்தான். அவர்கள் வீட்டுத் தும்மலுக்கு நாங்கள் நூறு வயசு சொல்வோம்.

இந்த வீட்டைச் சுற்றி நடக்கலாம். நடந்தேன். ஒரு சுற்று முடிந்து மறுபடி வாசலில் நின்றபோது என்னவோ ஆகிவிட்டது. எங்கள் பரம்பரையில் தன் வீட்டைச் சுற்றி வந்த முதல் ஆள் நான்தான்.

நல்லவேளை, நானா லுஹர் தொழப் போயிருந்தார். நான் அழுததை அவர் பார்க்கவில்லை.

ஜூன் 4, புதன்

மழை. செருப்புக்கு ஊசி நூல், தற்காலிகமாக.

வீட்டில் சொன்னேன். அம்மா உடனே, "காசக் கொட்டி படம் வாங்கிட்டு வந்திருக்கா பாருங்க."

அம்மாவின் கவலை வேறு. அடுத்த வருஷம் அறுபது, கொழுந்து பறிக்கும் வேலை முடிகிறது. அப்பா தேயிலை ஃபெக்டரியை விட்டு நாளாகிவிட்டது. அம்மா பெயரும் தோட்டத்துக் கணக்கில் இல்லாமல் போனால் காம்பரா என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்டால் நாமே ஞாபகப்படுத்தியது போல் ஆகிவிடும் என்பது அப்பாவின் கட்சி.

ஆனால் என் வீட்டைப் பற்றி மட்டும் அப்பா கேள்வி மேல் கேள்வி:

"அது எந்த ஊர்ல இருக்கு?"

எந்த ஊரிலும் இல்லை என்றேன். அதை ஒரு குறையாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"வாசல் எந்தப் பக்கம்?"

கிழக்கு. காலையில் வாசலுக்கு நேரே வெயில் வருகிறது, பார்த்திருக்கிறேன்.

"உறுதி குடுத்தாங்களா?"

என் பெயர் போட்டு ஒரு பத்திரம் மாதிரி திரையில் வந்தது.

"யாராச்சும் வெளிய போன்னா போகணுமா?"

"இல்லப்பா. என்னோடது."

அப்பா வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். என்னோடது.

அம்மா சோற்றை வடித்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல்: "கெழக்கு பாத்த வாசலா? அப்ப பால் காய்ச்சாம எப்புடி இருக்குறது?"

ஜூன் 8, ஞாயிறு

பனி. எதிர்க் கடை தெரியவில்லை.

கொண்டுபோனவை: பால் ஒரு போத்தல், புதுச் சட்டி, மஞ்சள், சர்க்கரை, வெற்றிலை, சாமி படம் (சின்னது).

நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தேத்தண்ணீர் போடும் கரண்ட் அடுப்பைத் துடைத்துத் தந்தார். அப்பா கல்யாண வீட்டுச் சட்டையில். கடை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"ஐயா, சும்மா செருப்போடயே வாங்க, தர சில்லுனு இருக்கும்" என்றார் நானா.

"இல்லிங்க மொதலாளி. மக வீட்டுக்கு வாறோம்."

நானா தன் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

இங்கே அம்மா சட்டியில் பால் ஊற்ற, அங்கே திரையில் நான் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, கடை முழுக்கக் கருகல் வாசம். அம்மா குலவை போட்டுவிட்டார். மேல்மாடி டியூஷன் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. தீவில் என் வாசலில் ஒரு ஆள் வந்து நின்று, என்ன விசேஷம் என்று இங்கிலீஷில் கேட்டார். புது வீடு, அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பால் காய்ச்சுகிறோம் என்று தட்டிவிட்டேன். அவர் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அவர்கள் போய் இன்னும் பலரை. ஆளுக்கொரு பூச்செடி கொண்டுவந்து வாசலில் நட்டார்கள். பாதை மறைந்துபோகும் அளவுக்குப் பூ.

அப்பா: "யாரு இவங்கள்லாம்?"

"தெரியாதுப்பா. கனடாங்குறாங்க, பிரேசில்ங்குறாங்க."

"கூப்பிடாமலே வந்திருக்காங்களே."

அம்மா: "பால் குடுக்க முடியாதா அவங்களுக்கு? வெறும் வாயோட அனுப்புறதா?"

சிரிக்கத்தான் வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. எங்கள் மூதாதையர் கப்பலில் வந்த நாளிலிருந்து எங்கள் வாசலுக்கு இத்தனை ஊர்க்காரர்கள் வந்ததே இல்லை.

அப்பா கடைசியாக, வீட்டைச் சுற்றிக் காட்டு என்றார். காட்டினேன். "மெதுவா போ" என்றார். மெதுவாகப் போனேன். பக்கவாட்டுச் சுவரிடம் நிற்கச் சொல்லி, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 11, புதன்

ஒன்றுமில்லை. தடிமன், மூக்கடைப்பு. புதுச் செருப்பு (பெரிய சைஸ், பரவாயில்லை).

ஜூன் 17, செவ்வாய்

மழை, காற்று. மின்வெட்டு மூன்று முறை.

தீவுக்குள் நுழைந்ததும் ஒரு அறிவித்தல். இந்த மாதம் முடிவதோடு தீவை மூடுகிறார்கள். அதை நடத்தும் கொம்பனிக்காரர்கள் ஊரில் நள்ளிரவு, நமக்கு ஜூலை முதலாம் தேதி காலை.

கீழே, விதிகளைப் பார்க்கவும் என்று ஒரு வரி. பார்த்தேன். அகராதியை வைத்துக்கொண்டு காலை முழுக்க. முத்தும், முத்து கொடுத்து வாங்கியதும் உங்களுக்குச் சொந்தமல்ல. பாவிக்க அனுமதி மட்டுமே. அனுமதியை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். எதுவும் திருப்பித் தரப்பட மாட்டாது. சம்மதம் என்று முதல் நாளே நான் தட்டியிருக்கிறேன். யார்தான் படித்துவிட்டுத் தட்டுகிறார்கள்?

கோபம் வந்தது. வீடு போகிறது.

இரவு சாப்பிடும்போது சொன்னேன். அம்மா தட்டை வைத்துவிட்டார். அப்பா விதிகளை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

"இது நம்ம லயத்து சட்டம்தானே. வேல இருக்குற வரைக்கும் இரு, அது நம்மளோடது இல்ல."

ஆமாம் என்றேன்.

"ஆனா இவங்க எழுதி வச்சிருக்காங்க" என்றார். படுக்கப் போகும்போதும் அதையே. "எழுதி வச்சிருக்காங்க பாரு."

ஜூன் 19, வியாழன்

கடையில் ரகளை. முத்துச் சீட்டு வாங்கியவர்கள் கூட்டமாக வந்து காசைக் கேட்டார்கள். நானா மேசைக்குப் பின்னால் நின்று, "தீவு என்னோடதா? நான் மூடுறேனா? நான் என்னா செய்ய?"

எதிர்க் கடையில் அரிசி விலை பார்த்துக்கொண்டிருந்த நுகர்வோர் அதிகாரி சத்தம் கேட்டு உள்ளே வந்தார். எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் பெண், ஊர் யாழ்ப்பாணம். குளிருக்குத் தலையைச் சுற்றி மப்ளர், கையில் நனைந்த குடை, முகத்தில் சிரிப்பென்பதே இல்லை. அரிசி, பருப்பு, சமையல் கேஸ் இதுதான் அவர் உலகம் போல.

"என்ன பிள்ளை, உதென்ன முத்து? நகையோ?"

விளக்கினேன். மறுபடி விளக்கினேன். கடைசியில் அவரை உட்காரவைத்து வீட்டுக்குள் கூட்டிப்போனேன். ஜன்னல், குழாய், பூச்செடிகள். பேனாவை மூடிவிட்டுப் பார்த்தார்.

"எங்கட வீட்டுக்கும் முன்னுக்கு இப்பிடித்தான் பூக்கண்டு நிண்டது" என்றார். "இப்ப வீடு கிடக்கோ தெரியாது."

உடனே பேனாவைத் திறந்துகொண்டார். "சரி. நீர் வாங்கினது பொருளோ, சேவையோ? சட்டத்தில அந்த ரெண்டுந்தான் இருக்கு."

"வீடு, மிஸ்."

வெளிநாட்டுக் கொம்பனியைத் தன்னால் பிடிக்க முடியாது, முறைப்பாடு கொடுத்தால் இங்கே விற்றவர் மேல்தான் கொடுக்கலாம் என்றார். விற்றவர் நானா. சம்பளம் தருபவரும் நானா. நான் கீழே குனிந்துகொண்டேன்.

நானா சொன்னார்: "எழுது புள்ள. எம்பேரயே எழுது. ஒளிக்க என்னா இருக்கு? நானும் தெரியாமத்தான் வித்தேன், நீயும் தெரியாமத்தான் வாங்குன."

முதலாளி மேல் முறைப்பாடு, முதலாளியின் கொம்பியூட்டரில், முதலாளியின் கடதாசியில். ஒரு எழுத்துப் பிழையையும் அவரே காட்டித் திருத்தினார். என்ன மனுஷன்!

ஜூன் 25, புதன்

வெயில்! துணியெல்லாம் காய்ந்தது.

மிஸ் திரும்பி வந்தார். இப்படியொரு முறைப்பாடு பற்றி மேலிடத்தில் கேட்டாராம். விதி ஒன்றும் இல்லையாம். "அப்ப நாங்கள் எழுதுவம்" என்றார், சீனி இல்லாத தேத்தண்ணீர் கேட்பது போல.

முடிவு: பாவிக்காத சீட்டுக்கு நானா காசைத் திருப்பித் தருவது. நானா அங்கேயே சம்மதம். செலவழித்த முத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. என் வீடு செலவழித்த முத்து.

ஆனால் இனிமேல் இப்படி எதை விற்றாலும் மூன்று மொழியில் அறிவித்தல் வைக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். நீங்கள் வாங்குவது இன்னது. இது உங்களுக்குச் சொந்தமாகாது. இன்னார் இதை நிறுத்தலாம். நிறுத்தினால் உங்களுக்கு இன்னது கிடைக்கும், இன்னது கிடைக்காது.

"வாங்க முதல் சொல்லவேணும், பிள்ளை. வாங்கினாப் பிறகு சொல்லுறது சொல்லுறதில்லை."

சட்டம் என்றால் கொழும்பில் எங்கேயோ பெரிய கட்டடத்துக்குள் உண்டாகும் என்று நினைத்திருந்தேன். நானாவின் மை வழியும் பிரின்டரில், என் விரல் பட்டு, சூடாக ஒரு விதி வெளியே வந்தது. மிஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு அரிசிக் கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா மருந்தெடுக்க டவுனுக்கு வந்தவர் சுவரில் அதைப் பார்த்தார். வாசிக்கச் சொன்னார். பிறகு, "எனக்கு ஒரு கொப்பி அடிச்சிக் குடு."

எதற்கென்று சொல்லவில்லை. மடித்துச் சட்டைப் பையில்.

ஜூன் 30, திங்கள்

மழை திரும்பவும். நாளைக் காலை தீவு மூடுகிறது. நானா சாவியைத் தந்து, கடையை நேரத்தோடு திறந்து கடைசி வரை வீட்டிலேயே இருந்துகொள் என்றார். தீவில் எனக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிரேசில்காரி, எல்லோரும் அவரவர் வாசலில் நிற்போம் என்று எழுதியிருக்கிறாள். முகம் தெரியாத ஒருத்தியோடு சேர்ந்து அழப்போகிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

நான் புறப்படும்போது அப்பா வாசல் ஸ்தோப்பில் தயாராக நின்றார். அதே கல்யாண வீட்டுச் சட்டை.

"இன்னைக்கி கடைக்கு லீவு சொல்லிரு. எங்கூட தோட்டத்து தொர ஆபீசுக்கு வா."

இன்றைக்குத்தான் என் வீடு போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் சட்டைப் பையில் அந்தக் கொப்பி மடித்தபடி நீட்டிக்கொண்டிருந்தது. சாவியைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் போனேன்.

ஆபீசில் நெடுநேரம் காக்கவைத்தார்கள். என்ன விஷயம் என்று கிளார்க் கேட்டதற்கு, தொரையிடம்தான் சொல்வேன் என்றார் அப்பா. நான் கேட்டே இராத குரல்.

உள்ளே போனோம். அப்பா அறிவித்தலை விரித்து மேசையில் வைத்தார். சிங்களத்தில்தான் பேசினார், ஞாபகம் இருக்கும்போதே தமிழில் எழுதிவிடுகிறேன்.

"எம் மக ஒரு வீடு வாங்குனா. அது அவளோடது இல்ல, எப்ப வேணா எடுப்போம்னு எழுதி வச்சிட்டுத்தான் எடுக்குறாங்க. நாங்க எங்க தாத்தா காலத்துல இருந்து அந்த காம்பராவுல இருக்கோம். எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. இது மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்களோடதா, இல்லையா. இவ அம்மா வேலைய விட்டா போகணுமா, இருக்கலாமா. எதுவா இருந்தாலும் சரி, எழுதி."

தொரை வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டினார். அந்த அறையில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்பா உட்கார்ந்தார்.

என்னை வெளியில் இருக்கச் சொன்னார்கள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தீவு மூடும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது, அந்த வீட்டை நான் நினைக்கவே இல்லை. உள்ளே அப்பா பேசிக்கொண்டிருந்தார். முதலில் மெல்ல, பிறகு வீட்டில் பேசுவது போல.